விருந்தினர் வலையில் அக்கா

அப்பா எடுத்த ஒளிநாடாக்கள் மூன்றைச் சென்ற ஆண்டு கணினிக்கு மாற்றினேன். கையடக்கக் கேமராக்களில் ஒரு காலத்தில் ஓடிய சின்னஞ்சிறு டிஜிட்டல் நாடாக்கள். ஒரு மணி நேர நாடாவைச் சுருக்காமல், உள்ளது உள்ளபடியே எடுத்தால் ஏறத்தாழ 13 ஜிபி வரும். மூன்றும் சேர்ந்து 39. அதிலிருந்து இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி, செய்திச் செயலி வழியாக அக்காவுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அழைத்தாள். "குரல் கேட்கிறது. முகம்தான் தெரியவில்லை" என்றாள். செயலி தன் வசதிக்காகக் காணொளியைச் சுருக்கியிருந்தது. அப்பாவின் முகம் இருந்த இடத்தில் பழுப்பு நிறச் சதுரங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அக்கா அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் செயலியைத் திறந்திருக்கிறாள் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த மாதம் அவளே வந்தாள், ஒரே ஓர் இரவுக்கு. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி நேராக அம்மாவிடம் போக வேண்டும். அம்மா இருக்கும் இடத்தில் இணையம் என்பது பேசுவதற்கே திணறும். ஆகவே மூன்று நாடாக்களும் இங்கேயே அவள் மடிக்கணினிக்குள் இறங்கியாக வேண்டும். பென்டிரைவ் ஒன்று இருந்தது, 32 ஜிபி. இரண்டு தவணையாக எடுத்துச் செல்லலாம் என்று முதல் கோப்பை அதில் போட்டேன், "கோப்பு மிகப் பெரியது" என்று மறுத்துவிட்டது. இடம் இல்லாமல் இல்லை. அந்த பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் தனிக் கோப்பு எதுவும் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதை அழித்து வேறு முறையில் வடிவமைக்கலாம்தான். ஆனால் அதில் வேறொருவருடைய ஆவணங்கள் இருந்தன, கை வைக்க மனம் வரவில்லை.

எனவே எல்லோரும் செய்வதையே செய்தேன். இணையச் சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டு, அக்காவை அங்கிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் இணைப்பில் பதிவேற்ற வேகம் வினாடிக்கு 10 மெகாபிட். வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வார்கள், பிட்டுக்கும் பைட்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம் என்பதை இந்த மாதிரி நேரங்களில்தான் நாம் உண்மையாக உணர்கிறோம். 39 ஜிபி ஏறி முடிய எட்டு மணி நாற்பது நிமிடம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை ஐந்தை நெருங்கும். ஒவ்வொரு கோப்பும் ஏற ஏற அக்கா இறக்கிக்கொண்டே வந்தால் ஆறு மணிக்குள் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவள் மடிக்கணினியும் என்னுடையதும் ஒரே மேசையில் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு சாண். அந்த ஒரு சாணைக் கடப்பதற்காக அப்பாவின் நாடாக்கள் வீட்டை விட்டு வெளியேறி, எங்கேயோ இருக்கும் தரவு மையத்தில் இறங்கி, திரும்பவும் இதே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். அப்போது அது எனக்கு விசித்திரமாகவே தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சிவப்பு விளக்கு

பதினொரு மணி சுமாருக்கு இணையம் போய்விட்டது. ரவுட்டரில் பச்சையாக இருக்க வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்தது. முதல் நாடா ஏறி முடிந்து, இரண்டாவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதலாவதை அக்கா பாதிகூட இறக்கியிருக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மீண்டும் சிவப்பு. "விடு. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு இன்னும் எத்தனை அடுத்த முறைகள் இருக்கும் என்று இருவருக்குமே தெரியாது.

என்ன கோளாறு என்று பார்க்கலாம் என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். உலாவியில் 192.168.1.1 என்று அடித்தவுடன் பக்கம் வந்து நின்றது. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், உள்ளே விட்டது. வெளி இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அதைப் படித்து முடித்தபோதுதான் ஒன்று தோன்றியது. இணையம் இல்லை என்று சொல்கிற இந்தப் பக்கம் என் கணினிக்கு எப்படி வந்தது? என் மடிக்கணினிக்கும் அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டருக்கும் நடுவே தகவல் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. அறுந்தது வாசலுக்கு வெளியே உள்ள பாதை. வீட்டுக்குள் இருக்கும் பாதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது வலையமைப்புப் பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் செய்தி என்று எனக்குத் தெரியும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்காகவே ஒதுக்கப்பட்டவை. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அவற்றை முறைப்படி வகுத்தது. இந்த எண்கள் பொது இணையத்தில் செல்லாது. அதனால்தான் எண்ணற்ற வீடுகளில் ஒரே எண் ஒரே நேரத்தில் மோதாமல் வாழ்கிறது. இதெல்லாம் படித்ததுதான். ஆனால் வைஃபை என்றாலே இணையம், இணையம் என்றாலே வைஃபை என்று வாயும் மனமும் பழகிப்போன பிறகு, நடுவில் சொந்தமாக ஒரு சின்ன வலை இருக்கிறது என்ற நினைப்பே அழிந்துபோயிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன், மூன்று மணி நேரமாக.

நேரடியாகக் கோப்பு அனுப்புவதற்கென்றே நல்ல செயலிகள் இருக்கின்றன. அவற்றை நிறுவ இணையம் வேண்டும். அந்த நேரத்தில் கையில் இருந்தது பைத்தான் என்ற நிரல்மொழி மட்டும்தான். அதோடு, கோப்புகளை உலாவிக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறிய வலைவழங்கி சேர்ந்தே வருகிறது. எந்த அடைவில் (கோப்புறையில்) நின்று அந்த ஒற்றை வரிக் கட்டளையை இடுகிறோமோ, அந்த அடைவில் உள்ளவற்றை ஒரு பக்கமாகப் பரப்பி 8000 என்ற எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். பூட்டு கிடையாது, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கமும் கிடையாது. அதே வலையில் இருக்கும் எவரும் எட்டிப் பார்க்கலாம். சொந்த வீட்டுக்குள், அரை மணி நேரத்துக்கு மட்டும் என்றால் பரவாயில்லை என்று முடிவு செய்து இயக்கினேன். என் முகவரி 192.168.1.7. "அதையும், முக்காற்புள்ளி போட்டு 8000 என்பதையும் உலாவியில் அடித்துப் பார்" என்றேன்.

அக்கா அடித்தாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் தளத்தை அடைய முடியவில்லை என்ற செய்தி வந்தது.

அக்கா இருந்த இடம்

எண்ணைத் தவறாக அடித்திருப்பாள் என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளான தீயரண் என் கணினியில் மறிக்கிறதோ என்று அதைத் தளர்த்தினேன். மீண்டும் வட்டம். என் கைப்பேசியில் அதே முகவரியை அடித்துப் பார்த்தேன், மூன்று கோப்புகளின் பெயரும் வரிசையாக வந்து நின்றன. அப்படியானால் என் பக்கம் பிழை இல்லை. அக்காவின் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி அதன் முகவரி என்ன என்று பார்த்தேன். 192.168.5 என்று தொடங்கியது. என்னுடையது 192.168.1. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கணினிகள் இரண்டு வெவ்வேறு வலைகளில் இருந்தன.

காரணம் நான்தான். மாலையில் வந்தவுடன் "வைஃபை கடவுச்சொல் என்ன?" என்று அக்கா கேட்டாள். வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் சொல்வதுபோலவே, யோசிக்காமல், விருந்தினர் வலையின் பெயரையும் அதன் எளிய கடவுச்சொல்லையும் சொன்னேன். பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த வசதி உண்டு. விருந்தினர் வலையில் சேர்பவர்கள் இணையத்துக்குப் போகலாம், ஆனால் வீட்டில் உள்ள மற்ற கருவிகளைப் பார்க்க முடியாது. பல இடங்களில் அங்கே சேர்ந்தவர்கள் ஒருவரையொருவரும் பார்க்க முடியாது. வருவோர் போவோரின் கருவிகளில் என்ன தொற்று இருக்கிறதோ, அது நம் கணினிக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றிரவு வெளி இணைப்பும் போன பிறகு, அக்காவின் கணினி ஒரு வாசலும் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தது. வெளியே போகவும் வழியில்லை, ஒரு சாண் தள்ளி இருக்கும் என்னிடம் வரவும் வழியில்லை. என்னோடு பிறந்து, என்னோடு வளர்ந்த அக்காவை விருந்தினர் அறையில் உட்கார வைத்துவிட்டு, வெளிநாட்டுத் தரவு மையம் ஒன்றை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மடிக்கணினியை வாங்கி, வீட்டு வலையின் இருபது எழுத்துக் கடவுச்சொல்லை அடித்தேன். அந்த 192.168.5 மறைந்து 192.168.1.12 என்று வந்தது. முகவரியை மீண்டும் அடித்தேன். வெள்ளைப் பக்கத்தில் மூன்று வரிகள், அலங்காரம் எதுவும் இல்லாமல். "இவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

முதல் கோப்பு வினாடிக்கு 18 எம்பி வேகத்தில் இறங்கியது. பன்னிரண்டு நிமிடம். இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு முறை காற்றில் ரவுட்டருக்கு ஏறி, மறுமுறை அதே காற்றில் இறங்க வேண்டும். ஒரே அலைவரிசையை இரண்டு பயணமும் பங்கு போட்டுக்கொள்வதால் வேகம் பாதியாகும். இது நினைவுக்கு வந்ததும் இழுப்பறையில் கிடந்த வலைக் கம்பி ஒன்றைத் தேடி எடுத்தேன். மஞ்சள் நிறம், நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தது. செருகினால் நிற்காது, லேசாக இழுத்தாலும் கழன்றுவிடும். என் கணினியை ரவுட்டர் அருகே கொண்டுபோய்க் கம்பியைச் செருகி, அது அசையாமல் விரலால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இப்போது காற்றில் ஒரே ஒரு பயணம்தான். வேகம் 35 எம்பியைத் தொட்டது. இரண்டாவது கோப்பு ஆறு நிமிடத்தில் முடிந்தது. மூன்றாவது பாதியில் இருக்கும்போது அக்காவின் கணினி உறக்கத்துக்குப் போய்விட்டது. அந்தச் சின்ன வலைவழங்கிக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது, முதலிலிருந்து மறுபடி. அப்படியும் நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்த பிறகு இரண்டு கணினிகளிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும் 64 எழுத்துக் கைரேகை அது. அக்கா தன் திரையில் இருந்ததை நான்கு நான்கு எழுத்தாக வாசிக்க, நான் என் திரையில் சரிபார்த்தேன். மூன்றும் பொருந்தின. பிறகு முதல் நாடாவை அவள் கணினியிலேயே ஓட்டினோம். அப்பா கேமராவைத் தன் பக்கம் திருப்பி, ஒலி பதிகிறதா என்று பார்க்க "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுகிறார். ஒலிவாங்கியில் ஊதுகிறார். சட்டைக் கழுத்தின் ஓரத்தில் நூல் ஒன்று பிரிந்து நிற்கிறது. அக்கா அந்த இடத்தில் நிறுத்தி, திரைக்கு அருகே போய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

நடுவில் வந்து நின்றவர்கள்

அதன் பிறகு பல நாட்கள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பை நேரே கொடுப்பது என்பது புதிய கலை அல்ல. கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண், கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின், அதாவது கணினிகள் கோப்புகளைக் கொடுத்து வாங்கும் விதிகளின், முதல் வடிவத்தை 1971 ஏப்ரலில் எழுதினார். ஆர்.எஃப்.சி. 114. இந்தக் கணினி, அந்தக் கணினி, நடுவே ஒரு பேச்சு. அன்றைய எண்ணத்தில் மூன்றாவதாக ஒரு கிடங்குக்கு இடமே இல்லை. 1980களில் ஐபிஎம்மில் பிறந்த எஸ்எம்பி நெறிமுறைதான் பிறகு விண்டோஸ் கணினிகள் அடைவுகளைப் பகிரும் மொழியாயிற்று. அந்த மொழியைப் பிற கணினிகளும் பேச வேண்டும் என்பதற்காக ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் ஓடும் தகவல் பொட்டலங்களைக் கவனித்துக் கவனித்தே 1990களின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு மென்பொருளை எழுதினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடியபோது அதற்குக் கிடைத்த பெயர்தான் சாம்பா. அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது. பக்கத்தில் இருக்கும் இரண்டு கணினிகள் நிறுவன வேறுபாட்டால் பேசாமல் இருக்கின்றனவே என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டு, புரிந்துகொண்டு, பேச வைத்திருக்கிறார்.

இன்று தொழில்நுட்பம் அதைவிட எளிதாகிவிட்டது. ஒரே வலையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முகவரியை யாரும் அடிக்க வேண்டியதில்லை. இருட்டறையில் நுழைபவர் "இங்கே யார் இருக்கிறீர்கள்?" என்று பொதுவாகக் குரல் கொடுப்பதுபோல, கருவி 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ஒரு கேள்வியை அனுப்புகிறது. கேட்பவை தம் பெயரைச் சொல்கின்றன. அச்சுப்பொறி தானாகக் கைப்பேசியில் தோன்றுவது இப்படித்தான். லோக்கல்செண்ட் போன்ற திறந்த மூலச் செயலிகளும் இதே போன்ற பொதுக் குரலைக் கொடுத்துத்தான் ஒன்றையொன்று அறிகின்றன. பிறகு கோப்பைக் குறியாக்கம் செய்து நேரே அனுப்புகின்றன. எந்த நிறுவனத்துக் கைப்பேசி, எந்த இயங்குதளம் என்ற பேதம் அங்கே இல்லை.

வழி இவ்வளவு எளிதாக இருந்தும் நாம் ஏன் சுற்றிப் போகிறோம்? சுற்றுவழியில்தான் கடை போட முடியும் என்பது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். நேரே கைமாறும் கோப்புக்குச் சந்தா கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கையும் வராது. நிறுவனங்கள் நேரடிப் பாதையைத் திறக்கும்போதும் தங்கள் மதிலுக்குள்தான் திறந்தன. ஆப்பிளின் ஏர்டிராப் 2011இல் வந்தது, அருமையாக வேலை செய்யும், ஆனால் பல ஆண்டுகள் ஆப்பிள் கருவிகளுக்கு இடையே மட்டும். அந்தக் கதவின் சாவியும் நம்மிடம் இல்லை. அருகில் இருக்கும் எவரிடமிருந்தும் பெறலாம் என்ற தெரிவைப் பத்து நிமிடத்துக்கு மட்டும் என்று 2022 நவம்பரில் சீனாவில் முதலில் சுருக்கினார்கள், அடுத்த மாதம் உலகெங்கும். அரசை எதிர்க்கும் படங்களும் வாசகங்களும் சீனாவில் அவ்வழியே கைமாறுவதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. தெரியாதவர்கள் வேண்டாத படங்களை அனுப்பித் தொல்லை கொடுப்பதும் நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாண் தூரத்துக்குப் போகும் கோப்புக்கும் எங்கோ ஒருவர் அனுமதி வழங்கவோ மறுக்கவோ முடிகிறது என்பது என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொரு காரணம் பயம், அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் மருத்துவமனைகளைக்கூட முடக்கியதே, அது பரவியது இதே எஸ்எம்பி பகிர்வின் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இரண்டு மாதங்களுக்கு முன்பே அதை அடைக்கும் திருத்தம் வெளியாகியிருந்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குள் இருக்கும் கதவும் கதவுதான். ஐபோன்கள் 2020இலிருந்து, ஒரு செயலி உள்வலையில் உள்ள கருவிகளைத் தேடலாமா என்று நம்மைக் கேட்கின்றன. அதை எரிச்சலோடு தட்டிவிடாமல் படித்துப் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். விருந்தினர் வலையையும் நான் நீக்கவில்லை. வருகிற எல்லோருக்கும் உள் கதவைத் திறந்துவிட முடியாது. யாருக்குத் திறப்பது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அன்று நான் தவறவிட்டது. இணையச் சேமிப்பகத்தையும் விட்டுவிடவில்லை. அப்பாவின் நாடாக்களுக்கு ஒரு பிரதி இப்போது அங்கேயும் இருக்கிறது, வீட்டுக்கு ஏதாவது ஆனால் வேண்டும் என்பதற்காக. பாதுகாக்க ஓர் இடத்தில் வைப்பது வேறு, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுப்பது வேறு.

அக்கா நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்கவில்லை, வீட்டு வலை அதற்கு நினைவிருந்தது. அம்மாவிடம் இருந்த பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்திருந்தாள், நானூற்றுச் சொச்சம். நான் கேட்பதற்கு முன்பே என் திரையில் அவள் கணினியின் பெயர் தோன்றியது.

"கேட்கிறதா?" என்றாள் எதிர்ப்பக்கத்திலிருந்து.

"ஏற்கவா, மறுக்கவா என்று கேட்கிறது."

"முதலில் அந்தத் திண்ணைப் படத்தைப் பார். அப்பா சட்டையில் அதே நூல்."